பிரேக்கில் நின்ற காற்று

என் மகன் கடைசியாகத் தன் கையால் செய்த வேலை, அவன் காரின் முன் பிரேக். ஓசூரிலிருந்து அவன் மாமியார் ஊரான சிங்காரப்பேட்டைக்குப் போகும் வழியெல்லாம் லாரிகள். பழைய பிரேக் போதவில்லை என்று பெங்களூருவில் ஒரு பழைய சாமான் கடையில் பெரிய வண்டியொன்றின் டிஸ்க்குகளையும், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களையும் வாங்கி வந்தான். ஒரு ஞாயிறு முழுக்க வாசலில் உட்கார்ந்து மாட்டினான். மாட்டிய பிறகு பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது. "ஓட ஓட சரியாயிடும்ப்பா" என்றான்.

அந்த வாரமே ஆலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். பிரேக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் காரை யாரும் தொடவில்லை.

மருமகள் எங்களோடுதான் இருந்தாள். ஒரு வருடம் கழித்து அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அந்த ஊர்ப் பக்கமே போச்சம்பள்ளியில் ஓர் ஆலையில் வேலை தேடிக்கொண்டாள்.

"ஷிப்ட் வேலை மாமா. பஸ்ஸ நம்ப முடியாது. அவரு கார எடுத்துக்கட்டுமா?"

"உன் காரும்மா அது. ஆனா பிரேக் சரியாகாம சாவி தர மாட்டேன்."

பிரேக் சரியாகும் நாளில் அவள் போய்விடுவாள். மூவருக்கும் அது தெரியும். மூவரும் பிரேக்கைப் பற்றி மட்டுமே பேசினோம்.

பிரேக் எண்ணெயில் காற்று கலந்தால் பெடல் அப்படித்தான் அமுங்கும் என்று மெக்கானிக் காற்றெடுத்துப் பார்த்தான். எண்ணெயை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றினான். பெடல் அப்படியே இருந்தது. "காத்து எங்கியோ மாட்டிக்கினு இருக்குது சார், ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க" என்றான். என் மனைவி, "ஒண்ணும் அவசரமில்ல, நிதானமா பாக்கட்டும்" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. காரை வீட்டுக்குக் கொண்டுவரச் செய்து நானே வேலையில் இறங்கினேன். ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவன் நான். எண்ணாமல், அளக்காமல் எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

மருமகள் பெடலை மிதிக்க, நான் சக்கரத்தருகே அமர்ந்து காற்று வெளியேறும் திருகைத் திறந்தேன். திருகில் மாட்டிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் வழியாக எண்ணெய் பாட்டிலில் இறங்கியது.

"மிதிம்மா."

"மிதிச்சாச்சு மாமா."

"அப்பிடியே புடி. பதினெட்டு."

வாசற்படியில் நின்ற மனைவி, "நூத்தியெட்டு வரைக்கும் எண்ணுங்க, பிரேக்கு எதுர்ல வந்து வரம் குடுக்கும்" என்றாள்.

"மாமா எண்ணலன்னா காத்துக்கு வழி தெரியாது அத்தை."

சொல்லிவிட்டு மருமகள் சிரித்தாள். அந்த வீட்டில் வெகுநாள் கழித்துக் கேட்ட சிரிப்பு. சிரித்த வேகத்தில் கால் பெடலை விட்டுவிட்டது. திறந்திருந்த திருகு வழியே காற்று மறுபடி உள்ளே போனது.

"விட்டுட்டயே! இனி மொதல்ல இருந்து."

"ஆவட்டும், மொதல்ல இருந்தே பண்ணுங்க" என்றாள் மனைவி. அவள் குரலில் கேலி இல்லை.

இரண்டாம் முறை, குழாயை எப்படிப் பிடித்தாலும் அதிலிருந்த ஒரு குமிழி மேல்நோக்கியே ஏறுவதைப் பார்த்தேன். பிறகு திருகைப் பார்த்தேன். அது காலிப்பரின் அடிப்பக்கத்தில் இருந்தது. மற்ற முன்சக்கரத்திலும் அப்படியே. காற்று மேலே தங்கியிருக்க, எல்லோரும் கீழே இருந்து எண்ணெயை மட்டும் இறக்கிக்கொண்டிருந்தோம்.

இரண்டு காலிப்பரும் பக்கம் மாறித் தலைகீழாக நின்றன. கடைக்காரன் வெள்ளை பெயிண்டில், கன்னடத்தில், இடது வலது என்று எழுதியிருந்தான். வண்டிக்கு எதிரே நின்று எழுதியிருப்பான். ஆலைக்காரனான என் மகனுக்கு இடது என்றால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவனின் இடது. எழுத்தை நம்பி மாட்டியிருக்கிறான். போல்ட்டுகளும் தடுக்கவில்லை, எல்லாம் பொருந்தியிருக்கின்றன.

"என்ன மாமா?"

"பக்கம் மாறியிருக்கும்மா."

அவள் இறங்கி வந்து குனிந்து பார்த்தாள்.

"அவரு மாட்டுனது. கழட்டணுமா?"

"கழட்டணும்."

"நானே கழட்டறேன்."

அவன் முறுக்கிய முறுக்கு, கைக்கு அசையவில்லை. அவள் ஸ்பேனரின் மேல் ஏறி நின்றாள். டக்கென்று ஒரு சத்தம், போல்ட் இளகியது. என் மனைவி உள்ளே போய்விட்டாள். மீதி போல்ட்டுகளை நாங்கள் மாறி மாறிக் கழற்றினோம்.

மாற்றி மாட்டியதும் குழாயில் பெரிய பெரிய குமிழிகளாக வந்தன. என் மகன் அடைத்து வைத்த காற்று. எண்ணத் தோன்றவில்லை.

"கல்லு மாதிரி இருக்குது மாமா" என்றாள், பெடலிலிருந்து காலை எடுக்காமலே.

மறுவாரம் கிளம்பினாள். தெருமுனையில் பால் வேன் ஒன்று குறுக்கே வர, கார் பிரேக் போட்ட இடத்திலேயே நின்றது. "நல்லாத்தான் நிக்குது" என்றாள் மனைவி. பக்கம் மாறியது உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் தெரியாமலே இருந்திருக்கக் கூடாதா என்று அவள் என்னைக் கேட்கவில்லை.

வேலையில் சேர்ந்த அன்று மருமகள் போன் செய்தாள்.

"பிரேக் எப்பிடி இருக்கும்மா?"

"நல்லா இருக்குது மாமா."

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவளும் போனை வைக்காமல் இருந்தாள்.