பின்னால் கட்டிய கைகள்

நாற்பத்தொரு வயதில் எனக்குப் பிள்ளை பிறந்தது. மார்பில் வைத்தால் இரண்டு வாய் சப்பிவிட்டு, வில்லாக வளைந்து அழுவான். எடை குறைந்துகொண்டே போனது. பால் ஊறவில்லை என்று நானே முடிவு கட்டி, குருசுக்குப்பத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரப் பெண்ணிடம் தினமும் பால்சுறா வாங்கிச் சமைத்துத் தின்றேன். என்னைவிட மிகவும் இளையவள்.

ஒருநாள் அவள் கூடையைத் திறக்கவில்லை.

"சுறா வேணாங்கா. ரவிக்கை நனைஞ்சிருக்குது, பாலு இருக்குது. நீ மார்ல வெக்கிறதுதான் சரியில்ல. புள்ளைய குடு" என்று கை நீட்டினாள்.

"கவுச்சிக் கையால தொடாத" என்றேன்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"சரிக்கா, தொடல. அவன் வயிறு உன் வயித்தோட ஒட்டணும். காம்ப மட்டும் குடுக்காத. வாய நல்லா தொறக்கட்டும், சுத்தி இருக்கிற கறுப்பும் சேந்து உள்ள போவணும். அவசரப்படாத, அவன் என்னா பஸ்ஸா புடிக்கப் போறான்."

மூன்றாவது முறை பிடித்துக்கொண்டான். மடக் மடக்கென்று அவன் விழுங்கும் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். அழுதுவிட்டு நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

மறுநாள் பிள்ளையை நானே நீட்டினேன். "கை கவுச்சிக்கா" என்று சொல்லி, முழங்கையால் அவன் பாதத்தைத் தொட்டாள்.

அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மீன் வாடை வரும்போதெல்லாம், அந்தக் கைகள் பின்னால் போன கணத்தில் போய் நிற்கிறேன்.