லோடோடு மட்டும் வரும் மிஸ்ஸிங்

வண்டி லோடோடு போகும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும், இன்ஜின் விட்டு விட்டு ஓடும். காலியாகத் திரும்பும்போது சமர்த்தாக ஓடும். இதை எந்த மெக்கானிக்கிடம் சொன்னாலும் என்னை ஏற இறங்கப் பார்ப்பான். "காலைலயே ஊத்திகினு ஓட்டறியா?" என்று ஒருத்தன் கேட்டே விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கி எறிந்திருப்பேன். பக்கத்தில் நாலு பேர் இருந்ததால் தப்பித்தான்.

அப்போது நான் செம்பாக்கத்தில் வாடகைக்குக் குடியிருந்தேன். கோவளத்தை அடுத்த ஒரு குப்பத்தில் பிறந்தவன். அண்ணன் தம்பிகளோடு படகுப் பங்கில் சண்டை முற்றி, இனி இந்த மண்ணில் படுத்துத் தூங்க மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டு வெளியேறியிருந்தேன். சின்ன டீசல் லாரி ஒன்று வாங்கினேன். விடிவதற்கு முன் குப்பத்துக்குப் போய் மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு சோழிங்கநல்லூர், மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு வருவேன். என் பெண்சாதி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவாள். மார்க்கெட்டில் விற்பது அவள் வேலை. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை.

மேடவாக்கம் சிக்னலைத் தாண்டியதும் வினை ஆரம்பிக்கும். ஸ்டியரிங்குக்கு எதிரே இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். வண்டி நொண்டியடிக்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் இருமும். இரண்டு தடவை நடுரோட்டில் நின்றே போனது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்க, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போக, அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது தடவைக்குப் பிறகு துணிமணியை எடுத்துக்கொண்டு குப்பத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "இந்த வண்டிய நம்பி என்னால வர முடியாதுய்யா. மீனும் நாறுது, மானமும் நாறுது. வண்டி சரியாவட்டும், வர்றேன்" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. வண்டியைச் சரி செய்தால் பெண்சாதி வந்துவிடுவாள், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அதன் பிறகு மீனை மொத்தமாகவே ஒரு வியாபாரியிடம் தள்ளிவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவேன். வந்து என்ன செய்ய? மாடி வீட்டு அம்மா என் வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்துவார். வீட்டுக்காரர் அந்த ஊரிலேயே நிலம் வைத்திருந்த பழைய குடும்பம், மரியாதையான மனிதர். "தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்களேன்" என்பதைத் தவிர என்னிடம் வேறு பேச்சே பேசியதில்லை. டிவியில் செய்தி வாசிக்கிறவருக்கு நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். மறுபடி வாய் திறந்து ஒரு மனுஷனோடு பேசுவது அடுத்த நாள் குப்பத்தில் ஐஸ் பெட்டி ஏற்றும்போதுதான். அங்கே அவள் வலையோரம் நின்று மீன் பிரித்துக்கொண்டிருப்பாள். "வண்டி எப்டி கீது?" என்று கேட்பாள். "பாத்துகினு கீறேன்" என்பேன். அதோடு சரி.

கேம்ப் ரோட்டில் ஒரு மெக்கானிக், வண்டிக் கோளாறைக் காட்டும் ஸ்கேன் மெஷின் வாங்கி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவன், வாய் ஓயாது. போவதற்கு முன் வண்டியைப் பளபளவென்று கழுவி, வெயிலில் காயவைத்து, கேபினுக்குள் ஊதுபத்தியும் ஏற்றி வைத்திருந்தேன். எந்த மெக்கானிக்கிடம் போனாலும் அப்படித்தான் போவேன். மீன் நாற்றத்துக்கு எவனாவது முகம் சுளித்தால் எனக்குப் பொறுக்காது.

"இன்னாண்ணா, மீன் வண்டியா, மாப்ள ஊர்வலமா?" என்று சிரித்தான். மெஷினைச் செருகினான். "மூணாவது சிலிண்டர் வேலை செய்யலன்னு பதிவாயிருக்கு. ஆனா இப்ப நல்லாதான் ஓடுது."

இரண்டாவது சிலிண்டருக்கு டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி மூன்றாவதில் போட்டான். மூன்றாவதை இரண்டில் மாட்டினான். கோளாறு இன்ஜெக்டரில் இருந்தால் அதோடு சேர்ந்து இரண்டுக்குப் போகும் என்றான். மறுநாள் லோடு அடித்துவிட்டு, வண்டியைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். மறுபடியும் மூன்றுதான்.

"அப்ப இன்ஜெக்டர் மேல தப்பில்ல. ஒயர் பக்கம் ஏதோ கீது. அது வரும்போது நான் பாக்கணும்ணா. நாளைக்கு லோடோட நானும் வர்றேன்."

"நாறும்ப்பா."

"மீன் வண்டில மல்லிப்பூவா மணக்கும்? கழுவாம எட்தா, அது போதும்."

சொன்னபடி வந்தான். மடியில் மெஷினை வைத்துக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் பேசித் தீர்த்தான். அவன் மாமியார், அவன் பல்வலி, வேளச்சேரியில் அவன் பார்த்து ஏமாந்த மனை. அந்த சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்து எத்தனை காலம் ஆகிறது! மேடவாக்கம் வரவே கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது.

சிக்னலில் பிரேக் போட்டேன். அவன் சட்டென்று பேச்சை நிறுத்திக் கையை உயர்த்தினான். எங்கள் முதுகுக்குப் பின்னால் சளக்கென்று தண்ணீர் முன்பக்கம் ஓடிவந்து மோதியது. பச்சை விழுந்து கிளப்பியதும் வண்டி நொண்டியடித்தது, மஞ்சள் விளக்கு எரிந்தது. ஓரம் கட்டினோம். சீட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தான். ஐஸ் உருகிய தண்ணீர் லோடு ஏற்றும் பலகைக்கும் கேபினுக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியாக, மூன்றாவது இன்ஜெக்டருக்குப் போகும் ஒயர் மூட்டின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

"உப்பு! ஒயரு பச்சையா பூத்துப் போய்கீது பாரு. நீ கழுவிக் காயவெச்சி எட்தாந்தா எந்த மெக்கானிக்குக்குண்ணா தெரியும்?"

வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. உப்புத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது ஒரு விஷயமாகவே கண்ணில் படவில்லை.

ஒயரை வெட்டிப் புதிதாகப் போட்டான். இடுக்கை வெல்டிங் வைத்து அடைத்தான், தண்ணீர் பின்பக்கம் வடிய ஒரு குழாயும் வைத்தான். விளக்கு அணைந்தது. மறுபடி எரியவில்லை. அவசரப்பட்டு அவளிடம் சொல்லி அசிங்கப்படக் கூடாது என்று சில வாரம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் ஒரு விடியற்காலை, இன்ஜினை அணைக்காமலே இறங்கிப் போய் அவளைக் கூப்பிட்டேன்.

"வந்து ஒக்காந்து பாரு. லைட்டே எரியல. துணிய எட்துகினு வா, போலாம்."

ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

"நல்லாதான் கீது" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் வரலய்யா."

"வண்டிதான் சரியாயிடுச்சே!"

"வண்டி நின்னா கூட எறங்கித் தள்ளியிருப்பேன். நீ மனசு நோவக் கூடாதுன்னுதான் வண்டி மேல பழிய போட்டேன். அந்த வூட்ல ஒரு வார்த்த பேச ஆளு இல்ல. நீ வந்ததும் துன்னுட்டுப் படுத்துடுவ. நான் செவுத்தப் பாத்துகினு கெடப்பேன். நீ இங்க வரமாட்ட, ஊருக்கே தெரியும். நான் அங்க வரமாட்டேன்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? அந்தச் சுவரை அவள் போன பிறகு நானும்தானே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். அவள் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு மீன் பிரிக்கப் போய்விட்டாள்.

லோடு ஏற்றிக் கிளம்பினேன். கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். சோழிங்கநல்லூரிலும் சரி, மேடவாக்கம் சிக்னலிலும் சரி, வண்டி ஒரு இருமல் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. எங்கேயாவது நின்று தொலைத்திருந்தால், தள்ளுவதற்காவது யாரையாவது கூப்பிட்டிருப்பேன்.