படம் எடுத்த தோட்டம்

சாந்தகுமாரி ராசிபுரத்துக்காரி. மத்திய சர்க்கார் பரீட்சை எழுதி ஸ்டெனோ வேலை வாங்கி, அண்ணன் நல்லசிவம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோதே தில்லிக்கு ரயில் ஏறிவிட்டாள். கரோல் பாகில் ஒரு மாடி அறை. கூட இருந்தவள் அதே ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த மதுரைக்காரி அம்சவேணி. பஸ் நெரிசலில் இடுப்பைத் தடவியவன் கையில் ஊக்கை இறக்கிவிட்டு, அவன் அலறும்போது ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள் சாந்தா. அப்படிப்பட்டவள் ஓர் இந்திப் படத்துக்கு மயங்கினாள்.

எண்பத்தொன்றில் வந்த காதல் சிரிப்புப் படம் அது. முழுக்கத் தில்லியிலேயே எடுத்தது. வேலையில்லாத போட்டோக்காரன் ஒருவன், டைப் சொல்லித்தரும் பெண் பின்னாலேயே சுற்றுகிறான். அவள் செருப்பைக் கழற்றுகிறாள். அவன் கைகட்டி நின்று, "அடி வாங்கத் தயார் ராணி, விலாசத்தைச் சொல்லிவிட்டு அடி" என்கிறான். தியேட்டரே குலுங்கியது.

"படத்துல வந்தது நாம தினம் பஸ் ஏறுற ஸ்டாப்புடி!" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள் சாந்தா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, படம் எடுத்த இடங்களைப் பார்க்க இருவரும் கிளம்பினார்கள்.

பஸ் ஸ்டாப்பைப் பார்த்தார்கள். கதாநாயகி ஐஸ்கிரீம் தின்ற மரத்தடியில் நின்று தாங்களும் தின்றார்கள். லோதி ரோடு பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தபோது நல்ல மத்தியான வெயில். புல்தரையில் குடும்பம் குடும்பமாகச் சாப்பாட்டைப் பிரித்திருந்தார்கள். ஒரு கூட்டம் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தது. செருப்புக் காட்சி எடுத்தது அங்கே இருந்த பழைய சுல்தான் காலத்துக் கல்லறை மண்டபத்தின் வாசலில்.

வாசலில் மூன்று இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் படத்தைப் பற்றிப் பேசுவது புரிந்து, அதில் ஒருவன், கறுப்புச் சட்டைக்காரன், எழுந்து கைகட்டி நின்று அந்த வசனத்தை அப்படியே சொன்னான். சாந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தாள்.

"வா சாந்தா, போதும்" என்று அம்சவேணி கையைப் பிடித்து இழுத்தாள்.

மண்டபத்து மொட்டைமாடிக்கு ஒடுக்கமான கல் படிக்கட்டு ஒன்று சுழன்று போகும். அம்சவேணி முன்னால் ஏற, சாந்தா பாதிப் படி ஏறியதும் வெளிச்சம் போய்விட்டது. பின்னால் காலடி கேட்டது. "விலாசம் சொல்லு ராணி" என்ற கறுப்புச் சட்டைக்காரன் குரல் காதுக்குள்ளேயே கேட்டது. அடுத்த நொடி ஒரு கை அவள் வாயைப் பொத்தியது. இன்னொரு கை ரவிக்கையைப் பிடித்துக் கிழித்தது. மேலே நின்ற அம்சவேணி இறங்கி வந்து அவன் தலைமயிரைப் பற்றினாள். அவன் அவளை உலுக்கித் தள்ள, அவள் படிகளில் உருண்டு போனாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் சாந்தாவுக்கே கேட்டது.

சாந்தா வாய்க்கு அகப்பட்ட விரலைக் கடித்தாள். எலும்பு பல்லில் தட்டும்வரை விடவில்லை. அவன் கையை உதறியபோது சுவரில் பெயர்ந்து கிடந்த கல் அவள் கைக்கு வந்தது. அவன் முகத்தில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். அவன் மூக்கு உடைந்து ரத்தம் அவள் சேலையில் தெறித்தது. கூட வந்த இருவரும் ஓடிவிட்டார்கள். அவன் தட்டுத்தடுமாறி இறங்கி வெளியே புல்தரையில் விழுந்தான்.

அம்சவேணியின் அலறல் கேட்டுக் கூட்டம் ஓடி வந்தது. கிழிந்த ரவிக்கையோடு நின்ற சாந்தாவைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கிரிக்கெட் ஆடியவர்கள் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள்.

முதல் அடி விழுந்தபோது அவளுக்கு இனித்தது. இரண்டாவதும் இனித்தது. பிறகு ஒருத்தர் பூட்ஸ் காலால் அவன் காதின் மேல் மிதித்தார். சற்றுமுன் பேரக்குழந்தைக்குப் பூரி ஊட்டிக்கொண்டிருந்த மனுஷர் அவர். அவன் கைகளால் தலையை மூடப் பார்த்தான். கைகளின் மேல் ஸ்டம்பு இறங்கியது. "மா, மா" என்று முனகியவன் அதையும் நிறுத்திவிட்டான். அப்புறமும் அடித்தார்கள். சிலர் சிரித்தார்கள்.

"பஸ் கரோ, நிறுத்துங்க! செத்துடுவான்!" என்று கத்திக்கொண்டு சாந்தா உள்ளே பாய்ந்தாள். யாரோ அவளைத் தள்ளிவிட்டார்கள். அவள் எழுந்து வந்து அவன்மேல் குப்புற விழுந்தாள். அவனுக்கு ஓங்கிய ஸ்டம்பு அவள் தோளில் இறங்கியது. காறை எலும்பு இரண்டாகப் போயிற்று.

போலீஸ் வந்தபோது புல்தரை காலியாக இருந்தது. டிபன் கேரியர்கள்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் எழுதிய ஏட்டு கேட்டார்: "நீங்கள் சிரித்தீர்களாமே?"

"சிரித்தேன்."

அம்சவேணி தமிழில் சீறினாள்: "ஏன்டி அதைச் சொல்ற?"

"நடந்ததைத்தானே சொல்றேன். படத்து வசனத்துக்குச் சிரிச்சா வாயைப் பொத்தலாமா?"

கோர்ட்டிலும் அதையே சொன்னாள். அவன் செய்ததைச் சொன்னாள். தான் கல்லால் அடித்ததைச் சொன்னாள். விழுந்தவனைக் கூட்டம் அடித்ததையும் சொன்னாள். கூட்டத்தில் ஒருவரையும் யாரும் பிடிக்கவில்லை. அவனுக்கு ஜெயில் தண்டனை கிடைத்தது. அவன் ஒரு காது அதற்கு முன்பே செவிடாகிவிட்டிருந்தது. தீர்ப்பன்று வராந்தாவில் அவன் தாய் வந்து சாந்தாவின் கன்னத்தில் அறைந்தாள். பிறகு அவள் காலடியிலேயே உட்கார்ந்து அழுதாள். சாந்தா அவளை அடிக்கவுமில்லை, தேற்றவுமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் வந்து நின்றார். "ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வா கண்ணு. இந்த ஊரு நமக்கு வேண்டாம்."

"ஒடஞ்சது எடது தோளுங்ண்ணா. நான் எழுதறது வலது கையில."

அவர் தனியாகத்தான் ரயில் ஏறினார்.

அம்சவேணியோடுதான் சரிப்படவில்லை. அவள் மணிக்கட்டு சரியாகக் கூடாமல் டைப் வேலை போய், தபால் பிரிவில் போட்டுவிட்டார்கள். "என்னைத் தள்ளினவனைக் காப்பாத்த நீ விழுந்த. என்னைத் தூக்க வரலை" என்று ஒருநாள் சொன்னாள். அடுத்த வருஷம் அம்சவேணி மாற்றல் வாங்கிக்கொண்டு மதராஸ் போய்விட்டாள்.

சாந்தாவுக்கு ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. எலும்பு கோணலாகத்தான் கூடியது. செக்டார் மார்க்கெட்டில் ரவிக்கைக்கு அளவெடுத்த தையல்காரர், இடது பக்கம் மேடாக இருப்பதைப் பார்த்து, விழுந்துவிட்டீர்களா பெஹன்ஜி என்று கேட்டார்.

"இல்லை பாய்சாப், அடித்தார்கள்" என்றாள் சாந்தா. "அந்தப் பக்கம் கொஞ்சம் துணி விட்டுத் தையுங்கள்."