இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலை

சனிக்கிழமை காலை 5.20க்குச் சாந்தோமிலிருந்து புறப்பட்டோம். வண்டியில் நானும் என் தம்பி சேவியரும் மட்டும். மூன்று வாரமாகத் திட்டம் போட்டது காரைக்கால் வரை. ஏறக்குறைய 290 கிலோமீட்டர். அன்று காலை எங்களுக்கு மிச்சமிருந்தது மரக்காணம் வரை, ஏறக்குறைய 120. அதுவும் பகல் இரண்டு மணிக்குள் அடையாறு திரும்பிவிட வேண்டும். பயணம் ஏன் இப்படிச் சுருங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சேவியருக்கு நாற்பத்து நான்கு வயது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் இருபது வருடம் வேலை. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து இரண்டரை வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள், அடையாற்றில் ஒரு நிலையத்தில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான்; மிஞ்சினால் நுரையீரலில் போய்த் தேங்கும். சாப்பாட்டில் உப்பு கூடாது. வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் மயிலாப்பூரில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். பத்து வருடமாக அதே ஒன்பது கிலோமீட்டர்.

என் சிறுநீரகத்தைக் கொடுப்பதாக இருந்தது. எல்லாப் பரிசோதனையும் முடிந்தபிறகு, எனக்குச் சர்க்கரை இருப்பதால் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று ஆட்டோவில் திரும்பும்போது அவன் பேச்சை மாற்றினான்.

“அக்கா, மாமல்லபுரத்துக்கு அப்பால ரோடு எப்டி கீது?” என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர்கள் நாங்கள். கடலைக் கரையில் நின்று பார்த்திருக்கிறோம், படகிலிருந்து பார்த்திருக்கிறோம். கார் கண்ணாடிக்கு வெளியே கடல் கூடவே வருவதைப் பார்த்ததில்லை. போவோம் என்று சொன்னேன். சிறுநீரகத்துக்குப் பதிலாக என்னால் கொடுக்க முடிந்தது அதுதான்.

அதன்பிறகு டயாலிசிஸ் நேரமெல்லாம் திட்டம் போடும் நேரமானது. இடது கையில் ஊசிகள் இருக்கும். வலது கையால் என் கைபேசியில் வரைபடத்தை நகர்த்திக்கொண்டே இருப்பான். சனி இரவு புதுச்சேரி. ஞாயிறு பிச்சாவரம், தரங்கம்பாடி. திங்கள் காலை காரைக்காலில் ஒரு நிலையத்தில் டயாலிசிஸ். செவ்வாய் வீடு. பட்டறை முதலாளி தன் பழைய மாருதியைத் தருவதாகச் சொன்னார். புதுச்சேரியில் கடலைப் பார்த்த அறை, ஒரு நாளைக்கு 1,800 ரூபாய் என்று பேசி வைத்தேன்.

அடையாற்றில் அவனுக்கு ஊசி போடும் பிரமிளா சிஸ்டர்தான் காரைக்கால் நிலையத்தின் போன் எண்ணை வாங்கிக் கொடுத்தார். “வெளியூர்ல போட்டுக்கணும்னா புதுசா வைரஸ் டெஸ்ட் கேப்பாங்க சார். எடுத்து அனுப்பிட்டீங்கன்னா சீட்டு கன்ஃபார்ம்” என்றார்.

செவ்வாய்க்கிழமை தியாகராய நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்தோம். வெளியே வந்ததும் நடைபாதைக் கடையில் அவன் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டான். அப்போது அவன் சிரித்ததைப் பார்த்தேன்.

வியாழன் மாலை முடிவு வந்தது. ஹெபடைடிஸ் சி இருக்கிறது; ரத்தம் வழியாக, டயாலிசிஸ் மெஷின் வழியாகவும் பரவக்கூடிய கல்லீரல் நோய்.

கூடத்தில் இருந்த பெண் அதைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். மருந்து உண்டு, மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் போய்விடும் என்று பிறகு டாக்டரும் சொன்னார். சேவியர் ‘போய்விடும்’ என்ற சொல்லை நம்புவதை எப்போதோ நிறுத்தியிருந்தான். நான் காரைக்காலுக்குப் பேசினேன்.

“எங்ககிட்ட தனி மெஷின் இல்லீங்கம்மா. பாசிட்டிவ் ஆளுங்கள எடுக்க மாட்டோம்” என்றார் அங்கிருந்தவர். கோபமில்லாத குரல். வேறு யாரிடம் கேட்கலாம் என்றேன். தெரியவில்லை என்றார்.

அன்று வீட்டில் நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். “வேற சென்டருக்குப் பழைய ரிப்போர்ட்ட அனுப்பலாம்டா. தேதிய மட்டும் மாத்திட்டா யாருக்குத் தெரியும்?”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். “எனக்கு வந்த மாரி அங்க ஒர்த்தனுக்கு வரணுமாக்கா?”

வெள்ளிக்கிழமை அவனே அடையாறு நிலையத்தில் ரிப்போர்ட்டைக் கொடுத்தான். வழக்கமான நாற்காலியில் அவனை உட்கார வைக்கவில்லை. தொற்று உள்ளவர்களுக்கென்று இருந்த ஒரே மெஷினில் அன்று இடமில்லை. சனிக்கிழமை இரண்டு மணிக்கு வரச் சொன்னார்கள். அதுவரை தண்ணீரைக் குறைக்கச் சொன்னார்கள். வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் நின்றபோது அவன் சொன்னான்: “காலைல சீக்கிரம் கிளம்பினா எவ்ளோ தூரம் போலாம், கணக்குப் போடு.”

போட்டேன். மரக்காணம் என்று வந்தது.

5.45. திருவான்மியூர் தாண்டும்போது இன்னும் விடியவில்லை. சேவியர் இருக்கையைப் பின்னால் தள்ளிச் சாய்ந்திருந்தான். புதன்கிழமைக்குப் பிறகு மெஷினில் உட்காராததால் முகம் வீங்கியிருந்தது.

6.20. முட்டுக்காட்டுப் பாலம். காயல் ஈயம் போல் கிடந்தது. வண்டியை ஓரங்கட்டினேன். அவன் இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினான். கோவளத்தைத் தாண்டியதும் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் துண்டு துண்டாக வந்தது. அவன் ஒவ்வொரு முறையும், “தோ, வந்துச்சு” என்றான்.

7.00. மாமல்லபுரத்துக்கு வெளியே டீக்கடை. டீ பதினைந்து ரூபாய். அவனுக்குப் பாதி கிளாஸ். கடைக்காரர், “இன்னா சார், பாண்டியா?” என்றார். “காரைக்கால்” என்றான் சேவியர். நான் திருத்தவில்லை.

அதற்கப்பால் எங்கள் இருவருக்கும் புதிய சாலை. கல்பாக்கம், கடப்பாக்கம். பாலாற்றில் தண்ணீரைவிட மணலே அதிகம். பனைகள், இறால் பண்ணைகள், சாலையோரத்தில் உலர்த்திய நெல். அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் புதுச்சேரி நெருங்கி வந்தது, நாங்கள் போகாத புதுச்சேரி.

8.25. மரக்காணம். சாலையின் இரு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையில் வெள்ளைக் குவியல்கள். சேவியர் இறங்கி வரப்பு வரை நடந்தான். இருபது அடிதான் இருக்கும். இரண்டு முறை நின்றான். உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அவன் மூச்சிரைப்பதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“குடி தம்பி. வெயிலு ஏறிடுச்சு.”

வாங்கினான். முழுதும் குடித்தான். நான் ஓடிப்போவதற்குள் பாட்டில் காலி. அந்த அம்மாளுக்கு எதுவும் தெரியாது, “இன்னும் வேணுமா?” என்று கேட்டார்.

காருக்கு வந்ததும் நான் கத்தினேன். அவன் கதவைத் திறக்காமல் அதில் சாய்ந்து நின்றான்.

“நா வர்லக்கா. நீ போ.”

“எங்கடா போவ?”

“தெரியல. ரெண்டு மணிக்கு அங்க போய் உக்கார மாட்டேன். ரெண்டு வருஷமா பக்கத்து சேர்ல கீறவங்ககூட பேசிக்கினு இருந்தேன். நேத்து யாரும் என் மூஞ்சியப் பாக்கல. போதும்.”

பேருந்துகள் எங்களைக் கடந்து போயின. யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

“என் கிட்னி ஒத்துவராதுன்னு சொன்னாங்கல்ல, அப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சுடா. ஒரு நிமிஷம். அப்பாடான்னு இருந்துச்சு.”

“தெரியும்” என்றான். “உன் மூஞ்சியப் பாத்தேன்.”

“ஏன் கேக்கல?”

“கேட்டு இன்னா பண்றது? எனக்கும் பயந்தான்.”

பிறகு அவனுக்கு இருமல் வந்தது, நிற்கவே இல்லை. கதவைத் திறந்து அவனைத் தாங்கி உட்கார வைத்தேன். அவன் தடுக்கவில்லை. அவன் மனம் மாறிவிட்டதாக நான் நினைக்கவில்லை. உடம்பில் தெம்பில்லை, அவ்வளவுதான்.

9.10. திரும்பினோம். தெற்கே போகும்போது கடல் அவன் பக்கம் இருந்தது; வடக்கே வரும்போது என் பக்கம். நான் சாலையைப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். முட்டுக்காட்டில் வண்டிகள் நின்றுவிட்டன. அங்கேயே நாற்பது நிமிடம். அவன் மூச்சு விசில் போல் கேட்டது. ஏசியைக் கூட்டினேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

12.50. அடையாறு. நேரத்துக்கு முன்பே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். எடை நான்கு கிலோ கூடியிருந்தது. தனி மெஷின் கூடத்தின் கோடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. பிரமிளா சிஸ்டர் ஆக்சிஜன் வைத்து, ஊசி குத்திக்கொண்டே, “கடல் எப்படி இருந்துச்சு சார்?” என்று கேட்டார்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

காரைக்காலுக்கு நான் இனிமேல் திட்டம் போடப்போவதில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அவனிடம் மூன்று மாதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தச் சாலையில் போக நினைப்பவர்கள் விடியுமுன் கிளம்புங்கள். மரக்காணத்தோடு நின்றுவிடாதீர்கள். அதற்கப்பால் பாதை எப்படி என்று எனக்குத் தெரியாது. போய்வந்தபிறகு எங்காவது என் தம்பியைப் பார்க்க நேர்ந்தால், நீங்களாக அதைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். அவனாகக் கேட்டால் மட்டும், எல்லாவற்றையும் சொல்லுங்கள்.