இப்தாவின் மகளுக்கு விட்ட பக்கம்

புத்தகக் கட்டு பைண்டிங்கிலிருந்து வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. வெளியீடு ஞாயிறன்று. மேலே இருந்த பிரதியைப் புரட்டினேன். வெறுமையாக இருக்க வேண்டிய பக்கத்தில் கோட் போட்ட ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜொகூர் பாருவில் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பாளராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவள் நான். கல்யாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ், பள்ளி மலர் ஆகியவைதான் எங்கள் பிழைப்பு. கவிதை நூல் எப்போதாவது வரும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அந்த ஒரு நூலைப் பற்றி எழுதி வைக்கிறேன்.

1. ரெஜினா வந்தது

பெருந்தொற்று அடங்கிய மறு ஆண்டு, தைப்பூசத்துக்கு முந்திய திங்கட்கிழமை. காவடி நோட்டீஸ்கள் குவிந்து கிடந்ததால் நாள் மறக்கவில்லை. செனாய் தொழிற்சாலை ஒன்றில் தரம் சோதிக்கும் கியூசி வேலை பார்க்கும் ரெஜினா, பென் டிரைவோடு வந்து நின்றாள். கோத்தா திங்கி பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். வயது நாற்பதுக்குள்.

எல்லாக் கவிதைகளும் பைபிள் பெண்களைப் பற்றியவை. பெருவெள்ளத்தில் பேழைக்குள் தப்பிய நோவாவின் மனைவிக்கு பைபிளில் பெயர்கூட இல்லை. ரெஜினாவின் கவிதையில் அவள் பேழைக் கதவில் காது வைத்து, வெளியே மூழ்கும் அண்டை வீட்டுப் பெண்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கிறாள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

"இப்படியெல்லாம் எழுதலாமா? சாமி குத்தம் ஆகாதா?" என்று கேட்டேன்.

"யூதர்ங்க ரொம்ப காலமா இப்படித்தான் படிக்கிறாங்க அக்கா. மித்ராஷ்னு பேரு. வேதம் எங்க சொல்லாம விட்டுருக்கோ, அங்க கேள்வி கேப்பாங்க. பதில கதையா சொல்வாங்க. ஆனா மூலத்துல ஒரு எழுத்த அழிக்க மாட்டாங்க. சுத்திதான் எழுதுவாங்க."

ஒரு பக்கத்தில் மட்டும் 'இப்தாவின் மகள்' என்ற தலைப்பு இருந்தது. கீழே ஒன்றுமில்லை. எழுத மறந்துவிட்டாயா என்று கேட்டேன். அவள் கதையைச் சொன்னாள்.

இப்தா ஒரு படைத்தலைவன். போரில் வென்றால், திரும்பும்போது வீட்டு வாசலிலிருந்து முதலில் எதிர்கொண்டு வருவதைக் கடவுளுக்குப் பலி தருவதாக நேர்ந்துகொண்டான். ஓடி வந்தது அவன் ஒரே மகள். நேர்ந்தபடியே செய்தான்.

"அவ என்ன நெனச்சாள்னு எழுத எனக்கு வார்த்த வரல அக்கா. அந்த வெள்ளைதான் கவிதை. எங்கப்பாகிட்ட நான் பேசாததெல்லாம் அங்க இருக்கு."

ஐந்து வயதில் அவளுக்குக் கடும் காய்ச்சல். பிழைத்தால் கன்னியாஸ்திரி ஆக்குவதாக அப்பா அந்தோணி நேர்ந்துகொண்டார். பதினேழில் மடத்தில் விட்டார். முப்பதில் அவள் வெளியே வந்துவிட்டாள். பல வருடம் மகளோடு அவர் பேசவில்லை. இப்போதுதான் கொஞ்சம் பேச்சுவார்த்தை.

2. பாஸ் செய்த உதவி

எங்கள் பக்கத்து அச்சகங்களில் வெற்றுப் பக்கம் என்று ஒன்று கிடையாது. மலரில் காலியிடம் கண்டால் வாழ்த்து விளம்பரம் ஏறிவிடும். அதை வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதையாகவே நினைப்போம்.

கண் ஆபரேஷனுக்கு நான் லீவில் இருந்த வாரம், அந்தோணி அச்சகத்துக்கு வந்திருக்கிறார். மகளுக்குத் தெரியாமல் அவள் நூலில் தன் படத்தோடு ஒரு வாழ்த்துப் போட வேண்டும் என்றாராம். பாஸ் தனபாலன் ஃபைலைத் திறந்தார், காலிப் பக்கத்தைப் பார்த்தார், படத்தை வைத்து அச்சுப் பிளேட் எடுக்க அனுப்பிவிட்டார். தலைப்பை மட்டும் எடுக்கவில்லை.

'இப்தாவின் மகள்' என்ற எழுத்துக்குக் கீழே அந்தோணி. அவருக்குக் கீழே, 'என் அன்பு மகளை வாழ்த்தும் தந்தை'.

"பாஸ், என்ன செஞ்சி வச்சிருக்கீங்க!"

"அலமாக்!" என்று மலாயில் அலுத்துக்கொண்டார். "நீ ஏன் கத்துற? வெள்ளையா விட்டா கஸ்டமர் நம்மளத்தான் ஏசுவாங்க லா. அந்தப் பெருசு கண்ணுல தண்ணி விட்டாரு, தெரியுமா?"

அந்த வெள்ளைதான் கவிதை என்று சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ரெஜினாவுக்குப் போன் போட்டேன். வேலை முடிந்து மாலையில் வந்தாள். அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன்.

"என்னோட எடத்துல வந்து உக்காந்துட்டாரு அக்கா. இங்கயும்."

கிழித்தால் பின்பக்கக் கவிதையும் போகும். வெள்ளைத் தாள் ஒட்டிவிடலாம் என்றேன். யோசித்தாள். ஒட்டினால், அப்பா முதன்முதலாக மனமாரச் சொன்ன வாழ்த்து மறைந்துபோகும். ஒட்டாவிட்டால் அவளுடைய பக்கம் போச்சு.

"மூலத்த அழிக்கக் கூடாது. பேனா குடுங்க," என்றாள்.

ஒவ்வொரு பிரதியாக எடுத்து, படத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரே வரியை எழுதினாள்: 'கதவு திறந்தபோது யார் வருவார் என்று நினைத்தீர்கள், அப்பா?'

நான் ஈரம் காயவைத்து அடுக்கினேன். பாஸ் பெட்டியில் போட்டார்.

3. ஞாயிறு

கோத்தா திங்கி தேவாலய மண்டபம். முதல் பிரதியை அந்தோணிக்குத்தான் கொடுத்தார்கள். தன் படத்தைத் தேடி ஆசையாகப் புரட்டினார். தலைப்பைப் படித்தார். பிறகு புத்தகத்தைக் கொஞ்சம் சாய்த்து ஓரத்தைப் படித்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நூலை வடிவமைத்தவள் என்று என்னையும் முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள்.

"நீதான் வருவேன்னு தெரியும்," என்றார். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. "தெரிஞ்சுதான் நேந்தேன். ஆஸ்பத்திரி கதவுலேருந்து நீ உசுரோட வந்தா போதும்னு இருந்துச்சி."

ஆயிரம் பதில்களுக்குத் தயாராக வந்திருந்த ரெஜினா இதை எதிர்பார்க்கவில்லை. எங்களில் யாருமே எதிர்பார்க்கவில்லை.

"என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லப்பா."

"அஞ்சு வயசுப் புள்ளகிட்ட என்னாத்த கேக்குறது?"

"பதினேழு வயசுல கேட்டிருக்கலாம்ல."

அவர் புத்தகத்தை மூடவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, அடுத்த தடவ அடிக்கிறப்ப என் படத்த எடுத்துரு. வெள்ளையா விட்டுரு."

"வேணாம் அக்கா," என்றாள் ரெஜினா. "அப்பா இருக்கட்டும். ஓரத்துல மட்டும் எனக்கு எடம் பெருசா விடுங்க."

இரண்டாம் பதிப்பின் லேஅவுட்டை அப்படியே செய்தேன். நடுவில் அந்தோணியின் சிறிய படம், நாலு புறமும் அகலமான வெள்ளை. அதன் பிறகு எந்த ஃபைலில் காலிப் பக்கம் வந்தாலும், அங்கே என்ன போடலாம் என்று யோசிக்கும் முன் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்பது எனக்கு வழக்கமாயிற்று. பாஸுக்கும்தான்.