வாசலில் கழற்றிய சப்பாத்து

வால்தம்ஸ்டோவில் நான் பாடும் குழுவில் நான் ஒருத்திதான் தமிழ், அதுவும் சைவ சமயம். போன மார்கழியில் பிரான்சின் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் நத்தாருக்குக் கிறிஸ்து பிறப்புப் பாடல்கள் பாட எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். என் கணவரும் கூட வந்தார். பஸ் போன வழியெல்லாம் இலை உதிர்ந்த புதர்களின் தண்டுகள் குங்குமச் சிவப்பாக நின்றன. குளிர்காலத்துக்குச் சாம்பல் நிறத்தை விட்டால் வேறு கதியில்லை என்று இத்தனை வருடமாக லண்டனில் புறுபுறுத்துத் திரிந்தவள், வாயை மூடிக்கொண்டேன்.

தேவாலய வாசலில் என் கால்கள் தாமாகவே சப்பாத்தைக் கழற்றின. கணவர் பதறிப்போனார்.

"விசரே உமக்கு? கல்லுத் தரை, கால் விறைக்கப்போகுது. போடும்."

"சாமி இருக்கிற இடத்தில சப்பாத்தோட நிண்டு பாட என்னால ஏலாது."

காலுறையோடு குழுவின் முன்வரிசையில் நின்றேன். குளிர் முழங்கால்வரை ஏறியது. ஆனாலும் நான் தனியாகப் பாட வேண்டிய உச்ச வரியை ஒரு நடுக்கமும் இல்லாமல் பாடி முடித்தேன். அதை எங்கேயும் பெருமையாகத்தான் சொல்வேன்.

கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த கணவர் எழுந்து நின்று, எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டினார். அவரிடம் போனபோதுதான் கவனித்தேன். அவர் காலிலும் சப்பாத்து இல்லை.