தேசூர்க்காரரின் சட்டைப் பட்டன்

எனக்குச் சந்தேகபுத்தி அதிகம். ரேஷன் கடைத் தராசையும் நம்பமாட்டேன், கல்யாணத் தரகர் வாயையும் நம்பமாட்டேன். அந்தப் புத்தியைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் வீடு ஒரு மாதம் உயிர் வைத்திருந்தது.

அண்ணன் ராணுவத்தில் லெப்டினன்ட். ஆரணியில் எங்கள் தெருவில் தறிக்குழியிலிருந்து எழுந்துபோய் ஆபீசரானவன் அவன் ஒருவன்தான். வேலூரில் பி.எஸ்சி. படித்தபோதுகூட லீவுக்கு வந்தால் அப்பாவோடு உட்கார்ந்து பட்டு நெய்வான். எண்பதுகளின் கடைசியில் அவனுடைய படையை இலங்கைக்கு அனுப்பினார்கள். புறப்படும்முன் வந்தவன், தறியில் கழித்த அரக்குப் பட்டிழையில் ஒரு சுருளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"பட்டன் அறுந்தா தெச்சிக்கலாம்மா."

"ஆபீசருக்கு பட்டன் தெக்க ஆள் இல்லியாடா?" என்று அம்மா சிரித்தாள்.

இரண்டு மாதத்தில் தந்தி வந்தது. உடல் வரவில்லை. சண்டை நடந்த இடத்திலேயே எரித்துவிட்டார்களாம். ஒரு அதிகாரி வந்து டிரங்குப் பெட்டியையும் அஸ்திச் செம்பையும் கொடுத்துவிட்டுப் போனார்.

"யார் ஊட்டுச் சாம்பலோ," என்றார் அப்பா.

நானும் அதையேதான் நினைத்தேன். பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். பட்டிழைச் சுருள் இல்லை. இது அண்ணன் பெட்டியே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

சாவு விழுந்த வீட்டில் காரியம் முடியும்வரை யாரும் தறியில் உட்காரமாட்டார்கள். அப்பா மறுநாளே உட்கார்ந்தார். தெரு வாயைப் பிளந்தது.

"செத்தவன் ஊட்லதான் தறி நிக்கணும். எம்புள்ள எங்கனா ஆஸ்பத்திரில படுத்துகினு இருப்பான்," என்றார் அப்பா.

பதினாறாம் நாளும் வந்து போனது. நாங்கள் காரியம் செய்யவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து, தேசூர்ப் பக்கத்துச் சிப்பாய் ஒருவர் யூனிபாரத்தோடு வந்தார். அண்ணனுக்குக் கீழே இருந்தவராம். அண்ணன் எழுதிய கடிதம் எதிலும் இப்படி ஒரு ஆள் இல்லை. வாசற்படியிலேயே ஆரம்பித்தேன்.

"எங்க அண்ணன் குடிக்கறது காபியா, டீயா?"

"குடுக்கறதக் குடிப்பாருங்க."

"கோவம் வந்தா இன்னா பண்ணுவாரு?"

"கம்முனு இருப்பாருங்க."

எந்த ஆபீசருக்கும் பொருந்துகிற பதில்கள். ஆள் மாட்டிக்கொண்டான் என்று எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். அம்மா மோர் கொண்டுவந்தாள். டம்ளரை வாங்க அவர் நீட்டிய கையை அப்பா மணிக்கட்டோடு பிடித்தார். சட்டைக் கையின் பட்டன் அரக்குப் பட்டிழையில் தைத்திருந்தது.

"இத யாரு தெச்சது?"

"சார்தாங்க. ரோந்துக்குக் கெளம்பிகினு இருந்தோம், பட்டன் தொங்கிகினு இருந்துது. இங்க வாடான்னு கூப்பிட்டு அவரே தெச்சாரு. சிகரெட் சாம்பல வெரல்ல தொட்டு, இழைய முறுக்கி வுட்டாரு. முடிச்சு போடலியா சார்னு கேட்டேன். முடிச்சு போட்டா எங்கப்பா திட்டுவாருன்னு சிரிச்சாரு. அன்னிக்கி சாய்ந்தரந்தாங்க... நான் பக்கத்துலதான் இருந்தேன்."

தறியில் நீளவாட்டில் ஓடும் பாவிழை அறுந்தால் எங்கள் ஆட்கள் விரலில் சாம்பல் தொட்டு முறுக்கித்தான் சேர்ப்பார்கள். முடிச்சு போட்டால், இழை நுழைந்து வரும் அச்சுப் பல்லில் சிக்கும். சின்ன வயதில் அண்ணன் முடிச்சு போட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. இதையெல்லாம் ஒரு தேசூர்க்காரர் எங்கிருந்து கற்பனை செய்வார்?

அப்பா அந்தப் பட்டனை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"நல்லா தெச்சிருக்கான்," என்றார்.

எனக்கு அந்த மனிதர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அவரைப் பொய்யராக்கத்தான் அத்தனை கேள்வி கேட்டேன். அவர் பொய்யராக இருந்திருந்தால் என் அண்ணன் இருந்திருப்பான்.

அப்பா எழுந்துபோய், பாதி நெய்த சேலையின்மேல் தன் துண்டை எடுத்துப் போர்த்தினார். பிறகு அம்மாவைப் பார்க்காமலே சொன்னார்:

"காரியத்துக்குச் சொல்லி அனுப்பு."